பூஞ்சணத்தை நான் ஒழித்த விதம்

1

என் சொந்த அக்காவை நான் ஒருமுறை விஷவாயு வைத்துக் கொல்லப் பார்த்தேன். வேண்டுமென்று அல்ல. வேண்டுமென்று செய்திருந்தால் இவ்வளவு கச்சிதமாக வந்திருக்காது என்பது என் மனைவி சரோஜாவின் கட்சி. அக்கா வீட்டுச் சுவரில் பிடித்திருந்த பூஞ்சணத்தை ஒழிப்பதுதான் என் நோக்கம். நோக்கம் நல்லது என்று நான்கு வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதுவும் முழு உண்மை இல்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

லண்டனுக்கு வந்து இந்த ஐப்பசியோடு பத்து வருஷம் ஆகிறது. இங்கிருந்து ஊர்க்காரர்களுக்கு எழுதும் குறிப்புகளில் பனியைப் பற்றி எழுதியிருக்கிறேன். சுரங்க ரயிலில் யாரும் யாரோடும் பேசாததைப் பற்றி இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். வெள்ளைக்காரன் மழையைப் பற்றிப் பேசுகிற அழகை எழுதிப் பாராட்டும் வாங்கியிருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தை மட்டும் தொட்டதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை தொட வேண்டியதாகிவிட்டது.

ரோஸ்லின் என்று ஒரு பெண், மன்னார்புரத்துக்காரி, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வந்து எட்டு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சார், என் ரூம்ல பீரோவுக்குப் பின்னால சுவரெல்லாம் கறுப்பு கறுப்பா பூசணம் பூத்திருக்கு. கோட்டு காலர்ல கூட வந்துருச்சு. எதைப் போட்டுத் தேய்ச்சா போகும்?"

நான் தொண்டையைச் செருமினேன். அதற்குள் சமையலறையிலிருந்து சரோஜாவின் குரல் வந்தது.

"ரோஸ்லின், அவரைத் தவிர யாரை வேணும்னாலும் கேளும்மா."

என் மகள் வசந்திக்குப் பன்னிரண்டு வயது. கையிலிருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, அவளுக்கு வசதியான இங்கிலீஷில், அப்பாவிடம் கேட்பதானால் முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவது நல்லது என்றாள்.

ரோஸ்லின் சிரித்தாள். மற்ற யாரும் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டு, ரசம் நன்றாக இருக்கிறது என்றாள்.

2

கதையை லண்டனிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். என் மடமை இங்கேதான் பயிற்சி பெற்றது.

திருச்சிக்காரனுக்கு ஈரத்தைப் பற்றி என்ன தெரியும்? சித்திரை மாதத்தில் கொடியின் ஒரு முனையிலிருந்து துணி உலர்த்திக்கொண்டே போய் மறுமுனையைத் தொடுவதற்குள் முதல் துணி காய்ந்து விறைத்திருக்கும். எங்கள் ஊரில் ஈரம் வந்துபோகிற விருந்தாளி. லண்டனில் அது குடித்தனக்காரர்.

முதல் வருஷம் ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறை. கீழே வீட்டுக்காரம்மா. குளிருக்குப் பயந்து ஜன்னல்களை மூடியவர்கள் பங்குனி வரை திறக்கவில்லை. அறைக்குள் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரியும். அதற்கு மேலே கொடி கட்டிக் குழந்தையின் துணிகள் சொட்டும். பக்கத்தில் சோறு கொதிக்கும். அத்தனை ஆவியும் எங்கே போகும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. பி.ஏ. படித்தவன் நான்.

சுவரின் மேல்பக்கம் ஒரு செங்கல் அகலத்தில், துளை போட்ட இரும்புத் தகடு ஒன்று பதித்திருந்தது. காற்றுப் போவதற்காக. அது வழியாகத்தான் எங்கள் பெருங்காயமும் வெளியே போயிற்று. ஒரு நாள் வீட்டுக்காரம்மா தோட்டத்தில் நின்று அண்ணாந்து பார்த்து மூக்கைச் சுளித்தார். சளி பிடித்துக்கூட இருந்திருக்கலாம். ஆனால் நான் அன்று சாயங்காலமே பழைய வேட்டி ஒன்றை இரண்டாகக் கிழித்து அந்தத் துளைகளை அடைத்தேன். என் வீட்டுச் சாம்பாரின் வாசனைக்காக வெட்கப்பட்டவன் நான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மற்றது எல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

தை பிறப்பதற்குள் அலமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. முதலில் மிளகு தெளித்த மாதிரி. பிறகு கம்பளி மாதிரி. இரண்டு வயது வசந்திக்கு இருமல் பிடித்து விடவில்லை. நான் கொதித்தெழுந்து நகரசபைச் சுகாதாரப் பகுதிக்கு ஒரு புகார் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் திருச்சி தாலுகா கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர்களின் இங்கிலீஷ். மிகத் தாழ்மையுடன் விண்ணப்பித்து, கருணையை யாசித்து, ஏழைக் குடும்பம் என்றென்றும் பிரார்த்திக்கும் என்று முடித்து, மூன்று பக்கம். வீட்டுக்காரம்மாவின் அலட்சியத்துக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தேன்.

ஓர் இன்ஸ்பெக்டர் வந்தார். ஒல்லியான, களைத்த மனிதர். சுவரைப் பார்த்தார். ஹீட்டரைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார். பிறகு நாற்காலி போட்டு ஏறி, அந்தத் தகட்டைக் கழற்றி, உள்ளே விரல் விட்டு இழுத்தார். வேட்டி வந்தது. வந்துகொண்டே இருந்தது. வித்தைக்காரன் வாயிலிருந்து துணி இழுக்கிற மாதிரி வந்தது.

"இது உங்களுடையதா?" என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார்.

"இல்லை. முன்பே இருந்தது" என்றேன்.

பச்சைக் கரை வேட்டி. மூலையில் எங்கள் சலவைக்காரர் போட்ட மைக்குறி தெளிவாக இருந்தது. அதை அழகாக மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, ஒரு துண்டுப் பிரசுரத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் பூஞ்சணத்தைப் போக்குவது எப்படி என்று அதில் படம் போட்டு அச்சடித்திருந்தது. ஜன்னலைத் திற. சலவைக் கடையில் விற்கிற பிளீச் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஈரத்துணியால் துடை. உலரவிடு. படித்தபடி செய்தேன். சுவர் வெளுத்தது. குழந்தையின் இருமலும் நின்றது. அந்தப் பிரசுரத்தைக் கோந்து தடவி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தேன், தினமும் கண்ணில் படட்டும் என்று. அதற்கு மறுபக்கம் ஒன்று இருந்தது. அதைக் கதவு படித்துக்கொண்டது.

அன்றிலிருந்து நான் பூஞ்சண நிபுணன். தமிழர்கள் நாலு பேர் கூடுகிற இடத்தில் யாராவது சுவர் என்று வாயெடுத்தால் போதும்.

3

1962-இல் விடுப்பெல்லாம் சேர்த்துக் கப்பலேறி ஊருக்கு வந்தோம். ஐப்பசி முடிகிற சமயம். அக்கா கமலம் வீட்டில் தங்கல். ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு வாடகை வீடு. அத்தான் பொன்மலை ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை. அங்கே சாமான் கொடுக்கிற மாதிரியே, கேட்டால்தான் ஒரு வார்த்தை கொடுப்பார்.

அக்கா எனக்கு ஆறு வயது மூத்தவள். சின்ன வயதிலிருந்தே இழுப்பு. மழைக்காலம் வந்தால் உட்கார்ந்தபடி தூங்குவாள். இந்தத் தடவை அது முன்னைவிட மோசமாயிருந்தது. பேசும்போது நடுவில் நிறுத்தி, ஒரு விரலை உயர்த்திக் காட்டிவிட்டு, மூச்சு வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவாள். அந்த விரலுக்கு எல்லோரும் காத்திருப்போம்.

வீட்டு நடு அறைக்கு ஜன்னல் கிடையாது. கூடத்தைப் பார்த்து ஒரே கதவு. அந்த அறையின் உட்சுவர் இடுப்பு உயரத்துக்குக் கறுத்துக் கிடந்தது. வருஷா வருஷம் பொங்கலுக்கு அதன் மேலேயே வெள்ளையடித்து வந்திருந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பொங்கல் சுண்ணாம்பு அப்பளமாகத் தூக்கிக்கொண்டு, நடுவில் கறுப்பு தெரிந்தது. அந்தச் சுவரில் சாய்ந்துதான் அக்கா தூங்குவாள்.

"அந்தாண்ட அடுத்த வீட்டுக்காரங்க தண்ணித் தொட்டி இருக்குது. கசியுது" என்றார் அத்தான். "சொல்லியிருக்கேன். மழை விட்டதும் கொத்தனார் வருவார்."

"தையில வெள்ளையடிச்சா சரியாயிடும்டா" என்றாள் அக்கா.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது சுடுகிறது. "அங்கெல்லாம் இப்படி விடமாட்டாங்கக்கா" என்று ஆரம்பித்தேன். வந்த நாலு நாளில் 'அங்கெல்லாம்' என்ற சொல்லை நான் எத்தனை தடவை சொன்னேன் என்று சரோஜாவைக் கேட்டால் தெரியும்.

அக்காவின் மூச்சுக்கு அந்தச் சுவர் ஆகாது என்று நான் சொன்னது சரிதான். ஆனால் பிரஷ்ஷை எடுத்தது அதற்காக இல்லை. ஒரு நாள் அக்கா, வசந்தியை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, "அத்தை வீடு புடிச்சிருக்கா கண்ணு?" என்றாள். எட்டு வயது வசந்தி சுவரைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "இவர்கள் ஏன் அழுக்கில் இருக்கிறார்கள்?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"என்னடா சொல்லுது புள்ள?"

"வீடு அழகா இருக்குங்குது."

அக்கா அவள் தலையைத் தடவினாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய், ஒரு பாயைக் கொண்டுவந்து அந்தச் சுவரை மறைத்துச் சாத்திவைத்தாள். எட்டாவது வரைக்கும் இங்கிலீஷ் படித்தவள் அவள். எனக்கு அது ஞாபகம் வரவில்லை.

மறுநாள் காலை பஸ் ஏறி டவுனுக்குப் போனேன்.

4

லண்டனில் கிடைத்த திரவம் இங்கே கிடைக்காது. பிளீச்சிங் பவுடர் கிடைக்கும் என்றார்கள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் பாய் ஒருவரின் கடை. சுண்ணாம்பு, நீலம், சாயப்பொடி எல்லாம் தகர டப்பாவில் வைத்திருந்தார்.

"கெணத்துக்குங்களா?"

"சுவத்துக்கு."

"சுவத்துக்கு சுண்ணாம்புல்ல வாங்குவாங்க?"

"பூசணத்துக்கு."

"அப்ப ஈரம் எங்கேருந்து வருதுன்னு மொதல்ல பாருங்க. இது போட்டா இன்னிக்கு வெளுக்கும், நாளைக்கு வந்துரும்." பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார். "கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டுப் போடுங்க. தண்ணியைத் தவிர வேற எதுலயும் கலக்கிராதீங்க."

"நான் லண்டன்ல இருக்கேன் பாய். இதெல்லாம் எனக்குத் தெரியும்."

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "சந்தோஷமுங்க. பவுடர் அங்கயும் இதே பவுடர்தானே?" என்று பொட்டலத்தைக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்தேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். சரோஜாவும் வசந்தியும் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் கதவு எப்போதும் திறந்தே கிடக்கிற தெரு அது. யார் வேண்டுமானாலும் 'கமலம்' என்று கூப்பிட்டுக்கொண்டு கூடத்துக்கு வந்துவிடுவார்கள். லண்டன்காரன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவர் தேய்ப்பதைத் தெரு பார்க்க வேண்டாம் என்று நடு அறைக் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். மழையில் ஊறிய தாழ்ப்பாள். இரண்டு கையாலும் தள்ளிப் போட்டேன்.

அக்கா உள்ளேதான் இருந்தாள். அவளை வெளியே போகச் சொல்லத் தோன்றவில்லை. எனக்குப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

பவுடரை வாளித் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தேன். கறுப்பு போயிற்று. ஆனால் அடியில் பழுப்பாக ஒரு கறை நின்றது. வெள்ளை வெளேரென்று ஆக்கி வசந்தியைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. மூலையில் கார்த்திகைக்காக இறக்கிவைத்த பித்தளை விளக்குகள் வரிசையாக இருந்தன. பாதி மங்கலாக. பாதி பளபளவென்று.

"அக்கா, விளக்கு தேய்க்கிற புளி இருக்கா?"

"இதோ, இங்கதாண்டா. உப்புப் போட்டு ரெண்டு நாளா ஊறுது." அவள் முகத்தில் ஒரு வெளிச்சம். லண்டன் வைத்தியத்துக்கு அவள் வீட்டுப் பொருள் ஒன்று தேவைப்பட்டுவிட்டது. சட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். "பித்தளைக்கு இதை அடிச்சிக்க எதுவும் கெடையாது. ஊத்தட்டுமா?"

"ஊத்து" என்றேன்.

கரைத்தது போக மிச்சமிருந்த பவுடரையும் வாளியில் கொட்டிக்கொண்டே சொன்னேன். அவள் ஊற்றினாள்.

வாளி சீறிற்று. பச்சையும் மஞ்சளுமாக ஒரு புகை எழுந்த மாதிரி இருந்தது. அதைச் சரியாகப் பார்க்கவில்லை, கண்ணில் மிளகாய் அரைத்துப் பூசியது போல ஆகிவிட்டது. தொண்டை மூடிக்கொண்டது. அக்கா ஒரே ஒரு தடவை இருமினாள். அதற்கப்புறம் அவளிடமிருந்து இருமல்கூட வரவில்லை.

தாழ்ப்பாள் வரவில்லை. இழுத்தேன். உதைத்தேன். வெளியிலிருந்து வசந்தி, "அப்பா! அப்பா!" என்று தமிழில் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. எப்படியோ விட்டுக்கொடுத்தது. கதவு திறந்தது.

நான்கு வருஷமாக நான் எழுதாமல் வைத்திருந்தது இந்த ஒரு வரிதான். கதவு திறந்ததும் முதலில் வெளியே வந்தவன் நான்.

அக்காவைத் தாண்டிக்கொண்டு வந்தேன். வசந்தியை இடித்துத் தள்ளிக்கொண்டு கூடத்தைக் கடந்து வாசல் வரை ஓடி, தூணைப் பிடித்துக்கொண்டு காற்றை விழுங்கினேன். திரும்பிப் பார்த்தபோது சரோஜா ஈரப் புடவைத் தலைப்பை வாயில் சுற்றிக்கொண்டு உள்ளே போவது தெரிந்தது. அக்காவின் இரண்டு கையையும் பிடித்து, நெல் மூட்டையை இழுப்பது போல, கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சுவரோரம் விழுந்து கிடந்த வசந்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குதிரை வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காவிரிப் பாலத்தின் மேல் போகும்போது அக்கா அந்த ஒரு விரலை உயர்த்தினாள். பாலம் முழுக்க அது இறங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துக் கொஞ்சம் தெளிந்த பிறகு, ஒரு குமாஸ்தா கட்டைப் பேனாவும் நீளமான நோட்டுமாக வந்தார்.

"என்ன வாயு?"

சொன்னேன்.

"யார் பண்ணது?"

"நான்தான். இவங்க தம்பி."

"என்ன வேலை?"

"லண்டன்ல... ஆபீஸ்ல."

பேனா நின்றது. அவர் குரலைத் தாழ்த்தினார். "குடும்பத்துல சொத்து கித்து தகராறு உண்டுங்களா? இருந்தா சொல்லிருங்க. போலீஸுக்கு எழுதணும்."

பி.ஏ. படித்தவனுக்கு ஒரு வாக்கியம் அமையவில்லை. கட்டிலிலிருந்து அக்கா முகமூடியை ஒரு கையால் விலக்கினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள்.

"தம்பி... சுத்தம்... பண்ணான்."

குமாஸ்தா அதை அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

5

அக்கா ஐந்து நாள் கழித்து ஆஸ்பத்திரியை விட்டு வந்தாள். குரல் மட்டும் கம்மிப் போயிருந்தது. அவளை அந்த வீட்டுக்குக் கொண்டுவர அத்தான் ஒப்பவில்லை. மன்னார்புரத்தில் சரோஜாவின் அம்மா வீட்டில் விட்டுவிட்டு, மறுநாளே விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டுவார் என்று மூன்று நாள் காத்திருந்து பார்த்தேன்.

முதலில் அடுத்த வீட்டுக்குப் போய் அவர்கள் தொட்டியைக் காலி செய்யவைத்தார். கொத்தனாரைக் கூட்டிவந்து விரிசலை அடைத்தார். பிறகு நடு அறைக் கதவையே கீலிலிருந்து கழற்றி வாசலில் சாய்த்தார். மூக்கில் ஈரத்துண்டு கட்டிக்கொண்டு, சுவரின் மேல் தண்ணீர் தெளித்துத் தெளித்து, பூச்சைச் செங்கல் தெரிகிற வரைக்கும் கொத்தி எடுத்தார்கள். தூசி பறக்கக் கூடாது என்றுதான் தண்ணீர். கொத்தினதைக் கோணியில் கட்டி உடனுக்குடன் வெளியே அனுப்பினார்கள். அக்காவின் பாய், தலையணை எல்லாம் எரிக்கப்பட்டன. மேல்பக்கம் கூரையை ஒட்டி இரண்டு செங்கல் எடுத்துக் காற்றுக்கு வழி விட்டார்கள். வெள்ளையடிக்க நான் அவசரப்பட்டபோது, அத்தனைக்கும் பிறகு அத்தான் முதல் முறையாக என்னிடம் பேசினார்.

"காயட்டும்."

ஒரு மாதம் காய்ந்தது. இந்த வேலையில் என் பங்கு, அந்தக் கோணிகளைச் சுமந்தது. தெரு முழுவதும் பார்த்தது. வந்து நின்றுகூடப் பார்த்தார்கள்.

லண்டன் திரும்பிய முதல் வேலையாக, அலமாரிக் கதவில் ஒட்டிய பிரசுரத்தை வெந்நீரால் நனைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்தேன். மறுபக்கம் கிழிந்தும் கிழியாமலும் வந்தது. பெரிய எழுத்தில்தான் போட்டிருந்தார்கள். வேறு எந்தத் துப்புரவுப் பொருளோடும் கலக்காதே. முக்கியமாக வினிகர் போன்ற புளிப்பு எதுவும் கூடாது. மூச்சுக்கோளாறு உள்ளவர்களை அறையிலிருந்து அப்புறப்படுத்து. ஈரத்தின் காரணத்தைச் சரிசெய்யாமல் துடைப்பது வீண். மலைக்கோட்டைச் சந்துக்காரர் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னதுதான் எல்லாம். நகரசபை அதற்குப் படம் போட்டிருந்தது, அவ்வளவே.

பள்ளிக்கூடத்துக்குத் திரும்பிப் போன இரண்டாம் வாரம் வசந்தியின் ஆசிரியை என்னை வரச் சொன்னார். 'என் விடுமுறை' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருந்தார்களாம். வசந்தி எழுதியதைக் காட்டி, குழந்தைக்கு நல்ல கற்பனை வளம், ஆனால் கொஞ்சம் பயமாக இருக்கிறது என்றார். படித்தேன். அப்பா விஷவாயு தயாரித்தார். அப்பா முதலில் ஓடி வந்தார். அம்மா அத்தையை இழுத்து வந்தார். இந்தியாவில் வெயில் அதிகம். நான்கு வாக்கியம். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

"கற்பனைதான்" என்றேன்.

அது நான் சொன்ன மூன்றாவது பொய். வீட்டுக்குப் போகிற வழியில் வசந்தி என் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அந்த வயதில் எல்லாப் பிள்ளைகளும் கையை விட்டுவிடும் என்று சொல்கிறார்கள். இருக்கலாம்.

6

ரோஸ்லினுக்கு நான் பதில் சொன்னேன். சரோஜாவைக் கரண்டியோடு சமையலறை வாசற்படியில் நின்று சரிபார்க்கச் சொன்னேன். பீரோவை ஒரு முழம் தள்ளி வை. ஜன்னலைத் திற, குளிர்ந்தாலும் திற. காற்றுத் துளையில் நீயோ உனக்கு முன்னால் இருந்தவரோ எதையாவது செருகியிருக்கிறீர்களா என்று பார். கறுப்பை உலர்ந்தபடி சுரண்டாதே. மூக்கைக் கட்டிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்து, துணியைத் தூக்கி எறி. எதைப் போட்டாலும் ஒன்றைத்தான் போடு, தண்ணீரைத் தவிர வேறு எதோடும் சேர்க்காதே. கையகலத்துக்கு மேல் பரவியிருந்தால் நீ தொடாதே, வீட்டுக்காரனைக் கூப்பிடு. இதெல்லாம் சொன்ன பிறகு, ஏன் சொல்கிறேன் என்பதையும் சொன்னேன். அந்த ஒரு வரியையும் சேர்த்து. வசந்தி அப்போதுதான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். பக்கத்தைப் புரட்டாமல் கொஞ்ச நேரம் இருந்தாள்.

ஒருத்தியிடம் சொன்ன பிறகு உங்களிடம் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அதனால் இது.

மிச்சம் ஒன்று இருக்கிறது. அந்தத் தடவை நாங்கள் புறப்பட்டது தை மாதம். திருச்சி ஜங்ஷனில் மெட்ராஸ் வண்டி நின்றுகொண்டிருந்தது. அத்தான் பெட்டிகளை ஏற்றி, சங்கிலி போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். சரோஜாவும் வசந்தியும் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டார்கள். அக்கா பிளாட்பாரத்தில், ஒரு கம்பளித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். நான் கார்த்திகையிலிருந்து ஒரு மன்னிப்பைத் தயாரித்துவைத்திருந்தேன். நல்ல தமிழ். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பது வரை.

"அக்கா" என்றேன். அதற்கு மேல் தயாரித்தது எதுவும் வரவில்லை. "அன்னைக்கி நான் உன்னை விட்டுட்டு ஓடியாந்துட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள்.

"சாப்பாட்டுத் தூக்கை மேல வெக்காத. ஊத்திக்கும்" என்றாள்.

வண்டி ஊதியது. நான் ஏறாமல் நின்றேன். மன்னித்துவிட்டதாக ஒரு வார்த்தை கிடைக்காமல் ஏற மனம் வரவில்லை. எனக்கு எப்போதும் ஒரு சான்றிதழ் வேண்டும்.

"மூச்சு இப்ப எப்படிக்கா இருக்கு? நெஜமா சொல்லு."

அவள் உண்மையாகவே யோசித்தாள். ஒரு மூச்சு இழுத்து, விட்டு, சோதித்துப் பார்த்தாள்.

"கொஞ்சம் தேவலாம்டா. நீ வண்டி ஏறிட்டியானா முழுக்கச் சரியாயிடும்."